கேரவன் வாங்குகிறவர்கள் ஜாக்கியையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரவன் வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டில், சமையல் மேடை, கழிவறை, சோலார் தகடு, ஏசி என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தீர்கள். ஜன்னல் திரை என்ன நிறத்தில் இருந்தால் நல்லது என்பது வரைக்கும் இருந்தது. நடுவழியில் டயர் பஞ்சரானால் அந்த வண்டியை எதை வைத்துத் தூக்குவது என்று மட்டும் ஒரு வரி இல்லை. பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் அந்த ஒரு வரியை நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இடம் போதாமல் வெட்டுவதானால் எடை, உயரம் இரண்டையும் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

கரூரில் பஸ் பாடி கட்டும் கூடத்தில் தொழில் பழகியவன் நான். பொள்ளாச்சிக்கு வந்த பிறகு ஷூட்டிங் கேரவன்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தன. அந்த வண்டிகளைப் பற்றிக் கவலையில்லை. டிரைவர், கிளீனர், ஜெனரேட்டர் பார்க்கிற பையன் என்று கூடவே ஆட்கள் இருப்பார்கள். டூல்ஸ் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்க வேண்டியிருக்கும். இப்போது வருவது வேறு ரகம். 2021இல் கேரளா கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கமும் குடும்ப வண்டிகள் கண்ணில் படுகின்றன. ஒரு வேனை வாங்கி, உள்ளே இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அலமாரியும் அடித்து, சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு வருகிறார். கூடப் பெரியவர்கள், குழந்தைகள். டூல்ஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால், வேன் கம்பெனி கொடுத்த பை கட்டு அவிழ்க்காமல் அப்படியே கிடக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. பாடி கட்டிய இடத்திலேயே தங்கியிருக்கும்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி கேரவன் எடையில் சின்ன லாரிக்குப் பக்கம், தரையிலிருந்து இருக்கும் உயரத்தில் காருக்குப் பக்கம். அதனால் காரின் ஜாக்கி அதைத் தாங்காது. லாரியின் ஜாக்கி அதற்கு அடியில் நுழையாது. வழியில் யாராவது நிறுத்தி உதவி செய்வார்கள் என்ற நம்பிக்கை இந்த வண்டிக்குப் பாதிதான் பலிக்கும். ஆள் நிற்பார், மனசு இருக்கும், அவர் கொண்டுவரும் ஜாக்கி பொருந்தாது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அட்டகட்டிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கேரவன் நின்றுவிட்டது என்று போன் வந்தது. "அண்ணா, ஜாக்கி இருக்குதுங்க, ஆனா அடியில போக மாட்டேங்குதுங்க" என்றார் வண்டிக்காரர். போய்ப் பார்த்தால் பின்பக்க இடது டயர் முழுக்கத் தரையோடு படிந்திருந்தது. பக்கத்தில் பளபளவென்று புது பத்து டன் பாட்டில் ஜாக்கி, அதாவது பம்ப் அடித்தால் எண்ணெய் அழுத்தத்தில் தண்டு மேலே எழும் வகை. கனமான வண்டி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிடைத்ததில் பெரியதாக வாங்கி வைத்திருக்கிறார். நல்ல ஜாக்கிதான். ஆனால் முழுக்க இறக்கி வைத்தாலே ஒன்பது அங்குலத்துக்குப் பக்கம் நின்றது. ஆக்சிலில், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் குறுக்குத் தண்டில், கமான் பட்டை என்கிற ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யூ போல்ட் தட்டுக்குக் கீழே டேப்பை வைத்துப் பார்த்தேன். ஐந்தரை அங்குலம். நான் போவதற்கு முன்னால் தேயிலை ஏற்றி இறங்கிய லாரி ஒன்று நிறுத்தியிருக்கிறது. அந்த டிரைவரின் ஜாக்கி இன்னும் உயரம். கார்க்காரர் ஒருவர் தன் சிசர் ஜாக்கியை, திருகைச் சுற்றினால் கத்தரிபோல் மேலே எழும் வகையை, கொடுத்திருக்கிறார். அது நுழைந்திருக்கிறது, நாலைந்து சுற்றிலேயே திருகு முனக ஆரம்பித்ததும் நல்லவேளையாக நிறுத்திவிட்டார்கள்.

செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் வண்டியை அந்த வளைவின் அகலமான, கொஞ்சம் மட்டமான இடத்துக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். டயர் கிழியும் என்று வண்டிக்காரர் தயங்கினார். கிழிந்தால் கிழியட்டும், சரிவில் வைத்துத் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு பஞ்சரான டயருக்கு முன்னால் இரண்டு அங்குலப் பலகையைப் போட்டு அதன் மேல் ஏற்றினோம். ஆக்சில் அந்த அளவுக்கு மேலே வந்தது. என்னிடமிருந்த குட்டை ஜாக்கி உள்ளே போயிற்று. சக்கரம் பலகையை விட்டு எழும்பியதும் பலகையை உருவியாயிற்று. டயரைக் கழற்றுவதற்கு முன் ஸ்டெப்னியைப் படுக்க வைத்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் தள்ளினோம். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். பஞ்சரான டயர் கழன்றதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுத்து மாட்டுவது. லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். கேரவன் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

இனி வாங்குகிற கதைக்கு வருகிறேன். எல்லாரும் "எத்தனை டன் வாங்கட்டும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, டயரில் காற்று இல்லாதபோது ஆக்சிலுக்குக் கீழே எத்தனை அங்குலம் இருக்கிறது என்பது. டயரின் பக்கத்தில் 225/75 ஆர் 16 என்று போட்டிருந்தால் அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 75 சதவீதம் டயரின் பக்கச் சுவரின் உயரம். அதாவது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். காற்று போனால் இதில் பெரும்பகுதி மடங்கிவிடும், ரிம் தரைக்கு வந்துவிடும். நான்கு அங்குலம் ஆக்சில் இறங்கிற்று என்றால் ஆச்சரியப்படக் கூடாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாட்டில் ஜாக்கி இறக்கிய நிலையிலேயே 20 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். ஆகவே வீட்டு வாசலில், மட்டமான தரையில், ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். முன் சக்கரத்துக்கு ஒரு அளவு, பின் சக்கரத்துக்கு ஒரு அளவு. ஜாக்கிக்கு அடியில் போடும் பலகையின் கனத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் வருவதற்குள் அடங்குகிற ஜாக்கிதான் உங்கள் ஜாக்கி.

மேல் அளவும் வேண்டும். காற்றடித்த ஸ்டெப்னி உள்ளே போக வேண்டுமானால், பஞ்சரான டயரை எடுக்கத் தூக்கியதைவிட இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். பழைய டயர் கழன்று வந்துவிட்டது, புதியது ஏற மாட்டேனென்கிறது என்று நடுரோட்டில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டில் ஜாக்கியின் தலையில் ஒரு திருகு இருக்கும்; கையால் சுற்றி மூன்று அங்குலம் வரை உயர்த்தலாம். அதை லோடு ஏறுவதற்கு முன்னாலேயே, ஆக்சிலைத் தொடும் வரை உயர்த்திவிட வேண்டும். குனிந்த உயரம் குறைவாகவும் தூக்கும் உயரம் நிறையவும் வேண்டுமென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டு வைத்த ஜாக்கி கிடைக்கிறது. விலை கூடுதல்தான். தாழ்ந்த வண்டிக்கு அதைத்தான் சொல்வேன்.

இப்போது டன் கணக்கு. வேன் கம்பெனி கொடுத்த ஜாக்கி அந்த வேனுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. நீங்கள் அதில் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் இருநூறு கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல். இரண்டு வைக்கிறார்கள். பிளைவுட், கட்டில் சட்டம், ஏசி, ஜெனரேட்டர். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எடையை நம்ப வேண்டாம். தண்ணீர் நிரப்பி, துணிமணி ஏற்றி, வீட்டு ஆட்களையும் உட்கார வைத்து ஒரு எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒருமுறை, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொருமுறை. பின் ஆக்சிலில் 2,800 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 1,400. ஆனால் தொட்டியும் பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் 1,600கூட வரலாம். அதற்கு இரண்டு மடங்காவது வைத்துப் பார்த்தால் மூன்று டன் கொஞ்சம் போதாது, ஐந்து டன் நிம்மதி. பத்து டன் வாங்கினால் தப்பில்லை, அடியில் நுழைந்தால். டன் ஏற ஏறப் பொதுவாக ஜாக்கியின் உயரமும் கனமும் ஏறும். மினி பஸ் சேசிஸில் கட்டிய பெரிய கேரவனுக்கு இந்தக் கணக்கு அப்படியே பெரிதாகும், அங்கே பத்து டன் வேண்டியதுதான்.

இணையத்தில் 12 வோல்ட்டில் ஓடும் எலக்ட்ரிக் சிசர் ஜாக்கியைச் சூட்கேஸ் மாதிரி பெட்டியில் போட்டு விற்கிறார்கள். மேலே "5 டன்" என்று ஸ்டிக்கர். பட்டறைக்கு வந்ததில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த திருகுத் தண்டு காரின் சிசர் ஜாக்கியில் இருப்பதைவிட ஒரு இழை கனமில்லை. காருக்கு உபயோகப்படட்டும், கேரவனுக்கு வேண்டாம். டிராலி ஜாக்கி அருமையான சாமான், ஆனால் அதன் சக்கரங்கள் உருளச் சிமென்ட் தரை வேண்டும். ரோட்டோர மண்ணில் அது புதையும். பம்பரைப் பிடித்துத் தூக்கும் உயரமான ஜாக்கியை ஜீப்போடு விட்டுவிடலாம்.

இன்னொன்று. வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துச் சில வண்டிகளில் நான்கு மூலையிலும் ஊன்றுகால் வைக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் கால் இறங்கி வண்டி மட்டமாக நிற்கும், கட்டிலில் படுத்தால் உருளாமல் இருக்கும். அதற்குத்தான் அது. "இதுவே தூக்குமே, தனி ஜாக்கி எதற்கு?" என்று ஒருவர் என்னிடம் வாதம் பண்ணினார். பின்பக்கக் கால் இரண்டையும் இறக்கி, பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பினால் ஹேண்ட் பிரேக் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். அது பின் சக்கரத்தை மட்டும்தானே பிடிக்கிறது! முன் சக்கரம் உருண்டால் அந்தக் கால்கள் மடங்கி வண்டி கீழே விழும். பழைய வில்லிஸ் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் கியருக்குப் பின்னால் சக்கரத்துக்குப் போகும் தண்டைப் பிடிக்கும். அதில் ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலே போதும், பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியல் வழியாக மற்றச் சக்கரமும் விடுபட்டு வண்டி நகர்ந்துவிடும். உங்கள் வண்டியில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதுவானாலும் கிளப்பாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முக்கோணக் கட்டை போட்டாக வேண்டும். கல் உருளும், செங்கல் நொறுங்கும்.

ஜாக்கியை வைக்கும் இடம் ஆக்சில்தான், சக்கரத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. சேசிஸில் வைத்துத் தூக்கினால் முதலில் கமான் பட்டை விரியும், வண்டி உயரும், சக்கரம் தரையிலேயே இருக்கும்; ஜாக்கியின் பாதி உயரம் அங்கேயே தீர்ந்துவிடும். கேரவனில் ஒரு கூடுதல் தொல்லை. அழகுக்காக இரண்டு பக்கமும் ஃபைபர் பலகையை முழங்கால் அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள்; கழிவுநீர்த் தொட்டியை ஆக்சிலுக்குப் பக்கத்தில் தொங்க விடுகிறார்கள். ஜாக்கி போகும், அதை அடிக்கிற கம்பியை ஆட்ட இடமிருக்காது. கம்பி வண்டிக்கு வெளியே வரும் அளவுக்கு நீளமாக, இரண்டு மூன்று துண்டாகச் சேர்க்கிற மாதிரி இருக்கட்டும். வண்டிக்கு அடியில் தோளை நுழைத்துக்கொண்டு பம்ப் அடிக்கிற நிலை வரவே கூடாது.

பலகையைப் பற்றிச் சொன்னேன். ஐந்து டன் ஜாக்கியின் அடிப்பாகம் உள்ளங்கை அகலம்தான், சுமார் 110 சதுர சென்டிமீட்டர். ஒன்றரை டன் அதன் மேல் வந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 13 கிலோவுக்கு மேல். மழை பெய்த மண் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் தாரே இளகி ஜாக்கி சாய்வதை உடுமலை ரோட்டில் கண்ணால் பார்த்தேன். ஓர் அடிக்கு ஓர் அடி கெட்டிப் பலகை போட்டால் அதே எடை எட்டில் ஒரு பங்காகப் பரவிவிடும். வேம்போ பழைய பஸ் தரைப் பலகையோ எதுவானாலும் சரி, பிளைவுட் துண்டு வேண்டாம். இரும்புத் தகடுதான் வேண்டுமென்றால் லேத் பட்டறையில் பத்து மில்லிமீட்டர் தகடு வெட்டிக் கைப்பிடி வைத்துத் தருவார்கள்.

பின்னால் ஜோடி டயர் இருக்கிற வண்டிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். வெளி டயர் மட்டும் பஞ்சரானால் உள் டயரைக் கனமான பலகையில் ஏற்றி நிறுத்தினாலே வெளி டயர் எழும்பிவிடும், ஜாக்கியே தேவையில்லை. உள் டயர் போனால் இந்த வேலை நடக்காது.

"இதெல்லாம் நாங்கள் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும், போன் போட்டால் ஆள் வருகிறார்களே" என்று கேட்கலாம். கோவையிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் போகும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண் இருக்கிறது, கூப்பிடுங்கள். வால்பாறை மலைப்பாதை தேசிய நெடுஞ்சாலை இல்லை. பல வளைவுகளில் சிக்னலும் இல்லை. நீங்களே தூக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள் கை வைக்கவே வேண்டாம். உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற ஜாக்கியும் பலகையும் கட்டையும் வண்டியில் இருந்தால் வழியில் போகிற எந்த லாரி டிரைவரும் அரைமணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். முக்கோண எச்சரிக்கைப் பலகையை வளைவுக்கு அந்தப் பக்கம், வருகிறவர் கண்ணில் முன்கூட்டியே படுகிற மாதிரி வைப்பது மட்டும் உங்கள் வேலை. வலது பக்க டயர் என்றால் முதுகு ரோட்டைப் பார்த்து இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பாடி கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தொழில்காரர்கள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. அதில் இருப்பது இருக்கட்டும். தொட்டி நிரப்பிய பிறகு முன் ஆக்சில் எவ்வளவு, பின் ஆக்சில் எவ்வளவு என்று எடை போட்டு டிரைவர் கதவுக்குள் ஒரு தகடு அடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? ஜாக்கி வைக்கிற இடத்துக்கு நேராகப் பக்கப் பலகையில் ஒரு அம்புக்குறி, அந்த இடத்தில் மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு மூடி. வண்டியை ஒப்படைக்கும் நாளில் வாங்குகிறவர் முன்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். டிவி ஓடுகிறதா, ஏசி குளிர்கிறதா என்று அரைநாள் காட்டுகிறீர்களே.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் ஜாக்கியை வாங்கிப் போட்டு மறந்துவிட வேண்டாம். தண்டை முழுக்க இறக்கி, ரிலீஸ் திருகை இறுக்கி, நிமிர்த்தியே கட்டி வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் எண்ணெய் கசியும், காற்று புகும். அடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி ஏறாமல் நின்றால் ரிலீஸ் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு நாலைந்து தடவை அடியுங்கள், காற்று வெளியேறிவிடும். எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் ஊதிப் போய்விடும். அந்த ஜாக்கியைப் பிறகு பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
பொள்ளாச்சி.